உங்கள் ஊர் ஸ்டேஷன் தேய்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி

கிளைப்பாதை ரயில் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் டிக்கெட் கொடுப்பவர் போவார், அப்புறம் ஒரு வண்டி நிற்காமல் போகும், அதற்கும் அப்புறம்தான் ஊர் கூடி மனு எழுதும்.

அதனால் வண்டியை விடுங்கள், கவுண்டரைப் பாருங்கள். நெல்லை–தென்காசிப் பாதையோ திருச்செந்தூர்ப் பாதையோ, உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து, ஏறுபவர், இறங்குபவர், டிக்கெட் எடுப்பவர் என்று வண்டிவாரியாக நோட்டில் எழுதுங்கள். நான் ஒருமுறை இப்படி உட்கார்ந்தபோது கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் பாதிப் பேர் கவுண்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பத்து ரூபாய்தானே என்ற நினைப்பு. அந்தப் பத்து ரூபாய்தான் ரயில்வே கணக்கில் ஏறும். ரயில்வே ஊழியர் இல்லாமல், கமிஷனுக்கு ஏஜென்ட் டிக்கெட் விற்கும் ஹால்ட் (சிறு நிறுத்தம்) என்றால் அந்த ஏஜென்ட்டிடம் பேசுங்கள், சரிவு அவர் கைக்குத்தான் முதலில் தெரியும்.

குற்றாலம் சீசன், கந்த சஷ்டிக் கூட்டத்தைத் தனியாக எண்ணுங்கள். சாரலும் சஷ்டியும் முடிந்தபின் ஒரு சாதாரணப் புதன்கிழமை எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதே உண்மையான கணக்கு. ஒற்றை வரும்படியை நம்பிய பாதைக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையை நம்பி, திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் ஓடிய குட்டி ரயில். பனைவெல்லத்தை நம்பிய அந்த ஆலை படுத்தது, 1940இல் ரயிலும் போய்விட்டது. இன்றைக்கு அந்தச் செம்மணல் தேரிக்காட்டில் அதைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் நம்பாமல் சிரிப்பார்கள்.

அடுத்து, மதுரைக் கோட்டத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் ஸ்டேஷனின் மாதவாரி டிக்கெட் எண்ணிக்கையும் வருமானமும் கேளுங்கள். 2020இல் வண்டியே ஓடாத மாதங்களைச் சேர்க்காதீர்கள். அதன்பின் குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாயாக இருந்து, 2024இல்தான் மறுபடி பத்துக்கு வந்தது, அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010இல் மூடி 2018இல்தான் முழுதாகத் திறந்தது. எட்டு வருஷம் பஸ்ஸில் போய்ப் பழகிய கால் சும்மா திரும்பி வராது, எனவே அந்தப் பக்கத்துக்காரர்கள் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு மனசு உடைய வேண்டாம்.

மனுவில் ‘புதிய ரயில் விடுக’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். ஏற்கெனவே ஓடும் வண்டிக்கு நிறுத்தம் கேளுங்கள், அல்லது கல்லூரி, ஆபீஸ் நேரத்துக்குத் தோதாகப் பதினைந்து நிமிஷம் மாற்றக் கேளுங்கள். நோட்டுக் கணக்கை இணையுங்கள்.

நிறுத்தத்தைச் சோதனை முறையில் கொடுத்து, விற்பனையைப் பார்த்துத்தான் நீட்டிப்பார்கள். முதல் நாள் இன்ஜினுக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, காரில் வீட்டுக்குப் போகும் பெரிய மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாலை போட வரும்போதே அவர்களைக் கவுண்டருக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு சீசன் டிக்கெட் எடுக்க வைத்துவிடுங்கள்.