‘செட்’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? பிடிபடும்படி படிக்க ஒரு வழி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, அரசு வேலைக்காக கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதுகிறவர்களுக்காக இது. பல தேர்வுகளில் மற்ற பாடங்களின் கேள்விகள் நமக்குத் தமிழிலும் கிடைக்கின்றன. ஆங்கிலப் பகுதிக்கு அந்த வசதி கிடையாது. வினைச்சொல்லோடு அப், ஆஃப், இன் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும் கேள்விகளில்தான் மார்க் போகிறது. இங்கே கிடைக்கும் கைடுகளில் பொருளை மலையாளத்தில் போட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் கைகொடுக்காது. எனக்குக் கைகொடுத்த வழியை ‘செட்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சொல்கிறேன்.

ஏன் இந்தச் சொல்? 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு வினையாக மட்டும் 430 பொருள்கள். பிற்பாடு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ 645 பொருள்களோடு முந்திக்கொண்டது. ஆனாலும் பழக ‘செட்’தான் நல்லது, சின்னச் சொல்.

படி 1: பெயரா, வினையா?

முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்து, கூட்டமாகச் சேர்ந்த பொருளைச் சொன்னால் பெரும்பாலும் பெயர். தோப்பில் இருக்கும் பம்புசெட், ஓணத்துக்கு உடுத்தும் செட்டு முண்டு, நகை செட் எல்லாம் இந்தக் கணக்கு. இது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். வினைச்சொல்லோ பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் பிறப்பே வேறு. அதனால் நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 2: அமர், அமர்த்து

ஆங்கில ‘சிட்’டும் ‘செட்’டும் நம்முடைய தன்வினை, பிறவினை மாதிரி ஜோடி. சிட் என்றால் அமர், செட் என்றால் அமர்த்து. அலாரம் செட் செய்வது, கல்யாணத் தேதியைச் செட் செய்வது, கேள்வித்தாளைச் செட் செய்வது எல்லாமே ஒன்றை அதற்குரிய இடத்தில் அமர்த்துவதுதான். பின்னால் செயப்படுபொருள் இல்லாவிட்டால் பல இடங்களில் தானாக அமர்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்: சூரியன் செட் ஆகிறது, தயிர் செட் ஆகிறது, கான்கிரீட் செட் ஆகிறது. (சாதாரண சிமென்ட் இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. அங்கேயும் இதே சொல்தான்.)

படி 3: ஒட்டிக்கொண்டு வரும் சொல்

என்னை ரொம்ப நாள் தடுக்கிவிட்ட இடம் இதுதான். பட்டியல் போட்டுப் படிக்காமல், ஒட்டிய சொல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்.

‘செட் ஆஃப்’ எடுத்துக்கொள்வோம். பின்னால் செயப்படுபொருள் இல்லையா? புறப்பட்டார் என்று அர்த்தம். ‘ஷி செட் ஆஃப் ஃபார் பாலக்காடு’. செயப்படுபொருள் இருக்கிறதா? கிளப்பிவிடுவது: பட்டாசை வெடிக்க வைப்பது, அலாரத்தை அலறவிடுவது. விலகிக் கிளம்புவது என்ற கரு இரண்டிலும் இருக்கிறது. இதில் வரும் ஆஃபுக்கு இரண்டு ‘எஃப்’. ஒரு ‘எஃப்’ மட்டும் இருந்தால் அது ‘எ செட் ஆஃப் புக்ஸ்’, அதாவது படி 1இன் பெயர்ச்சொல். வேகமாகப் படிக்கும்போது கண் இங்கேதான் ஏமாறும்.

‘செட் இன்’ என்றால் வந்து குந்திக்கொள்வது. ‘தி மான்சூன் ஹாஸ் செட் இன்’: பருவமழை வந்துவிட்டது, இனி லேசில் போகாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அந்தச் செய்தியில் வானிலைத் துறை எழுதும் ‘ஆன்செட்’டும் இதே குடும்பம். புண்ணில் சீழ் வைப்பது, மரம் உளுத்துப்போவது போன்ற வேண்டாத விஷயங்களுக்கும் ‘செட் இன்’ அடிக்கடி வரும்.

‘செட் அசைட்’ கொஞ்சம் ஆபத்தானது. பணத்தைச் செட் அசைட் செய்தால் ஒதுக்கி வைப்பது. ஹைகோர்ட் ஓர் உத்தரவைச் செட் அசைட் செய்தால் ரத்து செய்துவிட்டது. ஒத்திவைத்தது என்று நினைத்தால் செய்தியே தலைகீழாகிவிடும்.

செட் அப், செட் அவுட் இரண்டையும் இதே முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 4: காலம்

நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுக்கும் ‘செட்’தான். ‘செட்டட்’ என்று ஒன்று கிடையாது. ‘ஹி செட் தி டேபிள்’ என்றால் ‘எஸ்’ இல்லாததால் அது இறந்தகாலம். கட், புட், ஹிட் எல்லாம் இதே ரகம்.

எந்த அகராதி? பாக்கெட் அகராதி வேண்டவே வேண்டாம், நாலு பொருளோடு நிறுத்திவிடுவான். போன் மொழிபெயர்ப்பில் ஒற்றைச் சொல்லைத் தட்டிப் பார்ப்பதும் இதற்கு உதவாது. நான் சொல்வது லாங்மேன் மாணவர் அகராதி. சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதியிருப்பதால், ஒரு விளக்கம் புரிய இன்னொரு பக்கம் புரட்ட வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: ‘செட் எழுதப் போகிறேன், அது இதில் எந்தப் பொருள்?’ என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். எதுவும் இல்லைம்மா, அது மாநிலத் தகுதித் தேர்வின் முதலெழுத்துகள். கேரளத்தில் அது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு. வாளையாரைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே பெயரில் நடப்பது கல்லூரி உதவிப் பேராசிரியருக்கான தேர்வு. விண்ணப்பிக்கும் முன் எந்த மாநிலத்துடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.