பதவிப் பட்டியலை எப்படிப் படிப்பது? ஒரு போர்ச்சுகல் அட்மிரலை வைத்துச் செய்து பார்ப்போம்

வினாடி வினாவுக்கோ கட்டுரைப் போட்டிக்கோ ஒரு தலைவரைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தால் நம் கை தானாக ஒரே வரிசையில் ஓடும். பிறந்தது, படித்தது, வகித்த பதவிகள், இறந்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். நானும் வெகுகாலம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது தாளில் இரண்டு கோடு கூடுதலாகப் போடுகிறேன், அவ்வளவுதான். கடற்படையில் சேர்ந்து 1958 முதல் 1974 வரை போர்ச்சுகலின் குடியரசுத் தலைவராக இருந்த அமெரிகோ தொமாஸை எடுத்துக்கொள்வோம். பழகிப் பார்க்க நல்ல ஆள். மேலோட்டமாகப் பார்த்தால் சொல்ல ஒன்றுமே இல்லாதவர் போலத் தெரிவார்.

படி 1: நான்கு கட்டம் போடுங்கள்

ஆண்டு, பதவி. இது எல்லோரும் போடுவது. மூன்றாவது கட்டத்தின் தலைப்பு ‘யார் கொடுத்தது?’. நான்காவது ‘யாரால் பறிக்க முடியும்?’. நான்காவதை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

படி 2: சலிப்பான வருடங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

1894 நவம்பர் 19, லிஸ்பனில் பிறப்பு. 1914இல் கடற்படைப் பள்ளி. முதல் உலகப் போரில் கப்பல்களுக்குத் துணைக் காவல். அப்புறம் 1920இலிருந்து சுமார் பதினாறு வருடம் ஒரே கப்பல். அதுவும் போர்க்கப்பல் இல்லை, கடலாழம் அளக்கும் கப்பல். இந்த இடத்தில்தான் பலர் ‘கடற்படையில் பணியாற்றினார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

கப்பலின் பெயரைக் கேளுங்கள்: ‘அக்டோபர் 5’. 1910இல் அந்தத் தேதியில்தான் போர்ச்சுகலில் முடியாட்சி ஒழிந்தது. அன்று கடைசி மன்னர் மனுவேல் நாட்டைவிட்டுத் தப்பிப் போனதும் இதே கப்பலில்தான். அப்போது அது ‘அமேலியா’ என்ற அரச குடும்பத்துப் படகு. மன்னரை ஏற்றிப்போன கப்பலுக்கே மன்னராட்சி ஒழிந்த நாளைப் பெயராக வைத்து, அளவுநூல் கொடுத்துக் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஆள் அதில்தான் கரையோரமாக ஆழம் அளந்துகொண்டிருந்தார். பொறுமைசாலி, சொன்ன வேலையைச் செய்கிறவர் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

படி 3: எங்கே தாவுகிறார் என்று பாருங்கள்

1936இல் கடற்படை அமைச்சருக்குத் தலைமை உதவியாளர். 1940இல் வணிகக் கப்பல் வாரியத் தலைவர். 1944இல் அவரே கடற்படை அமைச்சர். கரைக்கு வந்த எட்டே வருடத்தில் நாற்காலி! மூன்றாவது கட்டத்தில் எழுத வேண்டிய பெயர் பிரதமர் சலாசார். அன்றைய போர்ச்சுகலில் அவர் நினைக்காமல் யாரும் அமைச்சராக முடியாது.

அமைச்சராக அவர் செய்த பெரிய வேலை 1945இல் வந்த ‘ஆணை எண் 100’. போருக்குப் பின் வணிகக் கப்பல்களைப் புதிதாகக் கட்டும் திட்டம் அது, உண்மையிலேயே உருப்படியான காரியம். ஆனால் போர்ச்சுகலில் இதை வைத்து வேறொரு கதை ஓடுகிறது. அந்த ஆணைக்கு நூறு என்று எண் வந்தது தற்செயல் அல்ல, அதற்கு முன்னால் தொண்ணூற்றொன்பது ஆணைகள் வந்திருந்தன என்று ஒரு விழா மேடையில் அவர் விளக்கியதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். திறப்பு விழா, திறப்பு விழாவாகப் போனதால் ‘ரிப்பன் வெட்டி’ என்றும் ஒரு பட்டப்பெயர்.

படி 4: தேர்தல் எண்களைப் பென்சிலால் எழுதுங்கள்

1958 ஜூன் 8, குடியரசுத் தலைவர் தேர்தல். அரசுத் தரப்பு வேட்பாளர் தொமாஸ், எதிரே ஜெனரல் உம்பெர்டோ டெல்காடோ. அறிவித்த கணக்குப்படி தொமாஸுக்கு ஏறக்குறைய 75 சதவீதம். வாக்குப் பெட்டியும் எண்ணிக்கையும் யார் கையில் இருந்தன என்று தெரிந்தால், ஏன் பென்சில் என்று புரியும்.

இன்னொரு தடயமும் இருக்கிறது. நிஜமாகவே அவ்வளவு சுலபமான வெற்றி என்றால் அடுத்த வருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, மக்கள் வாக்கை நீக்கிவிட்டு, ஒரு தேர்வாளர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்திருப்பார்களா? 1965இலும் 1972இலும் அந்தக் குழுதான் தொமாஸைத் தேர்ந்தெடுத்தது. டெல்காடோவை 1965 பிப்ரவரியில் ஸ்பெயின் எல்லை அருகே ரகசியப் போலீஸ் கொன்றது.

படி 5: இப்போது நான்காவது கட்டம்

தேர்தலின்போது டெல்காடோவிடம், ஜெயித்தால் சலாசாரை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். “சந்தேகமென்ன, பதவியிலிருந்து நீக்குவேன்” என்றார். வாய்ச்சவடால் இல்லை. 1933 அரசியல் சட்டப்படி பிரதமரை நியமிப்பதும் நீக்குவதும் குடியரசுத் தலைவரின் அதிகாரம். அதாவது, மூன்றாவது கட்டத்தில் சலாசார் என்று எழுதிய நாம், சலாசாருக்கு ஒரு தாள் போட்டால் அதன் நான்காவது கட்டத்தில் ‘தொமாஸ்’ என்று எழுத வேண்டும்!

1961 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் பொத்தெல்யோ மோனிஸ் நேரிலேயே வந்து, சலாசாரை நீக்குங்கள் என்றார். தொமாஸ் மறுத்துவிட்டார். அதே வருடம் டிசம்பரில் கோவா போர்ச்சுகல் கையைவிட்டுப் போனபோதும் தலைவர் இவர்தான். நம்மில் பலருக்கு நினைவிருப்பதோ சலாசார் பெயர் மட்டும்.

1968இல் சலாசார் நாற்காலியிலிருந்து விழுந்தார், அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு நினைவும் பேச்சும் தடுமாறின. செப்டம்பர் 27 அன்று தொமாஸ் அவரை நீக்கி மார்செலோ கயெத்தானோவை நியமித்தார். பத்து வருடம் சட்டைப்பையில் வைத்திருந்த சாவியை ஒரே ஒரு முறை எடுத்தார், பூட்டு தானாகவே கழன்று விழுந்த பிறகு. சலாசாரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. 1970இல் சாகும்வரை தான்தான் பிரதமர் என்று நம்பியிருந்தார். தலையாட்டி பொம்மை என்று தொமாஸை ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இந்தச் செப்டம்பர்தான் காரணம்.

படி 6: முடிவு

1974 ஏப்ரல் 25, ராணுவ அதிகாரிகளின் புரட்சி. பதவி போன தொமாஸை நாடு கடத்தினார்கள்: முதலில் மதெய்ரா தீவு, பிறகு பிரேசில். சில வருடம் கழித்து நாடு திரும்ப அனுமதி கிடைத்தது, ஆனால் கடற்படையில் பழைய இடம் கிடைக்கவில்லை. 1987இல் கஷ்காய்ஸில் இறந்தார்.

சரி, அடுத்த தாளை நீங்களே போடுங்கள். மென்டெஸ் கபெசாதாஸ், இவரும் போர்ச்சுகல் கடற்படைக்காரர்தான். 1910 புரட்சியில் ‘அதமஸ்தோர்’ போர்க்கப்பலில் கிளர்ச்சி செய்தவர், 1926இல் மூன்று வாரம்கூட நிறையாத தலைவர். இவருக்கு மட்டும் நான்காவது கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே வரவேண்டிய பெயர், அவரை நீக்கிய ஜெனரல் கோமெஸ் த கோஸ்தா.