பாட்டு ஐந்தாவது ஸ்லைடோடு நிற்க வேண்டுமா?

பவர்பாயின்ட்டில் போட்ட இசை முதல் ஐந்து ஸ்லைடுக்கு மட்டும் ஒலித்தால் போதும் என்றால், ஆடியோ ஃபைலை வெட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். முதல் ஸ்லைடில் ஆடியோவைச் சேர்த்துவிட்டு, 'அனிமேஷன்ஸ்' டேபில் 'அனிமேஷன் பேன்' திறந்து, அந்த ஆடியோவின் 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' போங்கள். 'ஸ்டாப் பிளேயிங்' என்பதன் கீழ் 'ஆஃப்டர்' தேர்ந்தெடுத்து 5 என்று கொடுங்கள்.

'பிளே இன் பேக்கிரவுண்ட்' பட்டனை அழுத்தினால் இதே இடத்தில் 999 என்று தானாக விழும். அதனால்தான் பாட்டு கடைசி ஸ்லைடு வரை விடாமல் துரத்துகிறது. இங்கே கணக்கு நிமிடத்தில் இல்லை, ஸ்லைடில். நீங்கள் ஒரு ஸ்லைடில் நின்று எவ்வளவு நேரம் பேசினாலும் இசை சரியான இடத்தில்தான் நிற்கும். பாட்டு சின்னதாக இருந்தால் 'பிளேபேக்' டேபில் 'லூப் அன்டில் ஸ்டாப்டு' டிக் செய்துவிடுங்கள், நடுவில் தீர்ந்துபோகாது.

கூகுள் ஸ்லைட்ஸில் இது நடக்காது. அங்கே ஸ்லைடு மாறியதும் நிறுத்தலாம், இல்லையென்றால் ஓடவிடலாம், அவ்வளவுதான். ஸ்லைடு மாறும்போது வரும் டிரான்சிஷன் சத்தத்துக்கும் இந்த வழி பொருந்தாது. அதற்கு வேவ் ஃபைல்தான் வேண்டும், எம்பி3 எடுக்காது.