புதிதாகத் திறந்த விமான முனையத்திலிருந்து வெளிநாடு செல்வது எப்படி?

பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு ஆகியவை தயாராக உள்ளன என்று கொண்டு இந்த விளக்கத்தைத் தொடங்குகிறேன். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் அதை எதிர்பார்க்கின்றன.

படி 1: முனையத்தை உறுதிசெய்தல்

பலரும் தடுமாறும் இடம் இதுவே. புதிய முனையத்துக்கு விமான நிறுவனங்கள் பெரும்பாலும் தவணை தவணையாகவே இடம் மாறுகின்றன. ஆகவே சில மாதங்களுக்கு முன் வாங்கிய சீட்டில் பழைய முனைய எண் இருக்கலாம். முன்பதிவுத் தளம் அனுப்பும் நினைவூட்டலும், கைப்பேசி நாட்காட்டியில் தானாகப் பதிந்த குறிப்பும் அதே எண்ணைத்தான் காட்டும். மூன்றும் ஒரே பதிவிலிருந்து வந்தவை என்பதால், அவை ஒத்துப்போவதை வைத்து எண் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பயணத்துக்கு முந்தைய நாள், விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், சீட்டில் உள்ள பிஎன்ஆர் எனும் முன்பதிவு எண்ணை இட்டுப் பாருங்கள். பிறகு விமான நிலைய இணையதளத்தின் புறப்பாட்டுப் பட்டியலிலும் விமான எண்ணைத் தேடுங்கள். பிற செயலிகளை நான் இதற்கு நம்புவதில்லை. ஒரு நிறுவனம் விற்ற சீட்டுக்கு வேறொரு நிறுவனம் விமானத்தை இயக்குமானால், இயக்கும் நிறுவனத்தின் முனையமே கணக்கு.

சீட்டில் உள்ள மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டை மட்டும் நம்புவதும் போதாது. 2019 ஏப்ரல் 6 அன்று இஸ்தான்புல்லில் பயணிகள் சேவை புதிய விமான நிலையத்துக்கு மாறியபோது, பழைய அதாதுர்க் விமான நிலையத்துக்கு உரியதாக இருந்த ஐஎஸ்டி என்ற குறியீடும் கூடவே புதிய இடத்துக்குச் சென்றுவிட்டது.

படி 2: சென்று சேர்தல்

வரைபடச் செயலியில் விமான நிலையத்தின் பெயரை மட்டும் இடாமல், முனையத்தின் பெயரோடு புறப்பாட்டுத் தளத்தையும் (மாடியையும்) சேர்த்துத் தேடுங்கள். விமானம் புறப்படும் முன் வழக்கமாக ஒதுக்கும் மூன்று மணி நேரத்தோடு, வழி பழகாத கட்டடம் என்பதால், இன்னும் அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

படி 3: செக்-இன்

பெட்டியில் ஒட்டும் பட்டையைக் கவனியுங்கள். அதில் பெரிதாக அச்சாகும் மூன்றெழுத்து, பெட்டி இறுதியாகச் சேரும் நிலையத்தின் குறியீடு. லண்டன் ஹீத்ரோ என்றால் எல்எச்ஆர். அதன் ரசீதைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹீத்ரோவிலேயே ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது, முதல் நாளே பெட்டிகள் தேங்கி விமானங்கள் ரத்தாயின என்பதால், இதை மிகையான எச்சரிக்கை என்று சொல்ல முடியாது.

படி 4: பாதுகாப்புச் சோதனை

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அது சேமிக்கும் மின்னாற்றலுக்குப் பொதுவான வரம்பு 100 வாட்-அவர். பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) அளவை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 20,000 எம்ஏஎச் என்றால் 74, தடையில்லை. திரவங்களுக்கு 100 மி.லி. என்பது புட்டியின் கொள்ளளவைக் குறிக்கும் என்பதால், பாதி காலியான 200 மி.லி. புட்டி செல்லாது. சில புதிய முனையங்களில் பைக்குள் இருப்பதை முப்பரிமாணப் படமாகக் காட்டும் சிடி ஸ்கேனர் இருப்பதால் மடிக்கணினியை வெளியே எடுக்கச் சொல்லமாட்டார்கள். திரும்பி வரும் நிலையத்திலும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இமிகிரேஷன் முடிந்ததும் நேராக வாயிலுக்குச் சென்று அது இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடைகளுக்குச் செல்லுங்கள்.

பின்சேர்க்கை: திரும்பும் பயணத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். வருகை முனையத்தையும் இதே முறையில் முந்தைய நாள் சரிபார்த்து, அழைக்க வருபவருக்கு முனைய எண்ணோடு வருகைத் தளத்தின் வாசல் எண்ணையும் அனுப்பிவிடுங்கள்.