வெளியூர் இசைக்குழுவின் பாட்டைக் கொழும்பிலிருந்து வெளியிடுவது எப்படி

ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்க முன்னர் பங்குத் தாளை எழுதுங்கள்: வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை வீதம். குழுவில் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ட்ரம்ஸ் வாசிப்பவர் வெளிநாடு போன பிறகு அது இழுபடும்.

அடுத்தது ஒப்பந்தம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. உரிமையைக் கைமாற்றத்தான் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். மாஸ்டரை, அதாவது முடிந்த மூல ஒலிப்பதிவின் உரிமையை, நிரந்தரமாக எழுதி வாங்காதீர்கள். பாட்டை வெளியிடும் சின்ன நிறுவனத்துக்கு, அதாவது லேபிளுக்கு, 5 வருட உரிமம் தாராளம். செலவு கழித்து மிஞ்சுவதில் பாதி குழுவுக்கு. எது செலவு என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: ஸ்டூடியோ, மாஸ்டரிங் (கலந்து முடித்த பாட்டின் இறுதி ஒலிச் சீராக்கம்), அட்டைப்படம். மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்துபோகும் காசை லேபிளே ஏற்பதுதான் நியாயம். அதையும் குழுவின் தலையில் கட்டினால், கொழும்புக் குழுவை விட அவர்கள் எப்போதும் பின்னுக்குத்தான் நிற்பார்கள்.

ஸ்டூடியோ நேரம் வீணாவது பெரும்பாலும் ஒத்திகை போதாமையால். ஊரிலேயே கிளிக்கோடு (வேகம் காட்டும் மெட்ரோனோம் ஒலியோடு) வாசித்து, போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வேகம் அங்கேயே முடிவாகட்டும். கிற்றார் கம்பிகளை முதல்நாளே மாற்ற வேண்டும். புதுக்கம்பி இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் ட்ரம்ஸும் பேஸும், குரல் கடைசியில். இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தவரை அன்று காலையே பாடவைக்காதீர்கள். முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் (வாத்தியங்கள், குரல் ஒவ்வொன்றின் தனிப் பதிவையும்) பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே 24 பிட் வேவ் கோப்பாக வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒன்று குழுவின் கையில் இருக்கட்டும்.

மாஸ்டரிங்கில் சத்தத்தைப் பிழிந்து ஏற்றுவதால் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை வழமையாக –14 லஃப்ஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். நசுங்கிய ட்ரம்ஸ் மட்டும் மிஞ்சும். உச்சம் –1 டெசிபெலைத் தாண்டக்கூடாது.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். குழுவின் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல். ஒரு பாட்டில் ஓரெழுத்து மாறினாலும் புதுக் கலைஞர் பக்கம் திறந்து, கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாளமான, 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். விநியோகஸ்தரை (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் நிறுவனத்தை) மாற்றும்போது அதே இலக்கத்தைக் கொடுக்காவிட்டால் கேட்ட கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கக்கூடும். வங்கிக் கணக்குக்கே காசு அனுப்பும் விநியோகஸ்தராகப் பாருங்கள்.

வெளியீட்டுக்கு 4 வாரம் முன்னரே கோப்புகளை ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல்களை (பிளேலிஸ்ட்) தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்க, வெளியீட்டுக்கு முன் குறைந்தது 7 நாள் வேண்டும். பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்டாமல், ஆறு வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள். 2024 முதல், 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசு கொடுப்பதில்லை. பத்தும் சேர்ந்து வந்தால் பின்னால் உள்ளவை அந்த எல்லையைத் தொடுவது கடினம்.

6 மாதத்துக்கு ஒருமுறை குழுவுக்குக் கணக்கு அனுப்புங்கள். வரவு பூச்சியமாக இருந்தாலும், எந்தப் பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டது, செலவில் இன்னும் எவ்வளவு கழிய வேண்டும் என்ற விபரத்தோடு.