ஒரு நாளுக்கு ஒரு திசை

ஆடி பிறந்தால் எங்கள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் பெட்டிகள் வந்து குவியத் தொடங்கிவிடும். நல்லூர்த் திருவிழாவைச் சாட்டி ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம், பாரிசிலிருந்து ஒரு குடும்பம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற எனக்கு அந்த நாட்களில் சம்பளமில்லாத வழிகாட்டி உத்தியோகம். போன வருடம் அக்காவின் மகன் வந்து இறங்கிய அன்றே போனை நீட்டினான். அதில் 18 இடங்கள். "மாமா, நாலு நாளில முடிச்சிடலாமோ?" என்றான். "முடிக்கிறதுக்கு இதென்ன சோதினையோ தம்பி" என்றேன்.

அவனுடைய பட்டியலில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. காலையில் நெடுந்தீவு, பின்னேரம் மணற்காடு என்று போட்டிருந்தான். போனில் பார்த்தால் குடாநாடு உள்ளங்கை அளவுதான். ஆனால் நெடுந்தீவு தென்மேற்கில் கடலுக்கு அப்பால் கிடக்கிறது, மணற்காடு வடகிழக்குக் கரையில் இருக்கிறது. இடையில் படகு நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், காற்று, வெயில் எல்லாம் உண்டு. இவை நம் வசதியைக் கேட்டு நடப்பதில்லை. அதனால் என் முறை ஒரு நாளுக்கு ஒரு திசை. தீவுகளுக்கு ஒரு நாள், வடகிழக்கில் வடமராட்சிக்கு ஒரு நாள், வடமேற்கில் வலிகாமத்துக்கு ஒரு நாள், மிச்சம் நகரத்துக்கு.

எப்போது வருவது என்று கேட்டால் மாசி, பங்குனி என்பேன். மழை ஓய்ந்திருக்கும், பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது, பங்குனிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் தொடங்கிவிடும். அந்தக் காற்றில் தீவுப் படகு ஆடும் ஆட்டத்துக்குக் காலைச் சாப்பாடு வயிற்றில் தங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஆடி ஆவணியில்தானே, அவர்கள் சோளகத்திலேதான் வருவார்கள். சரி, அப்படியென்றால் காலையில் முதல் படகைப் பிடியுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

தீவு நாளுக்கு விடியப்புறம் எழும்பத்தான் வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்கு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். அங்கே இரண்டு வரிசை இருக்கும். ஒன்று நயினாதீவுக்கு, மற்றது நெடுந்தீவுக்கு. பார்க்காமல் ஏறினால் நாகபூசணி அம்மனிடம் போய் இறங்குவீர்கள். அதுவும் நல்ல இடம்தான், கால் மணி நேரத்தில் போய்விடலாம், அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஆனால் நெடுந்தீவுக்கு என்று கிளம்பியவர்கள் அந்த நாளை முழுதாக நெடுந்தீவுக்கே கொடுங்கள். கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும். படகில் தரும் உயிர்காப்பு அங்கியைப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நெடுந்தீவில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே இரண்டு பேரிடம் கேட்பது. இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம். அப்புறம் ஓட்டோ பேசுங்கள். இன்னின்ன இடம், இத்தனை மணி நேரம், இவ்வளவு காசு என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். சைக்கிளில் சுற்றவும் ஆசை வரும். மத்தியான வெயிலில் நிழலே இல்லாத பவளக்கல் றோட்டில் இரண்டு கிலோமீற்றர் போன பிறகு அந்த ஆசை போய்விடும்.

அந்தத் தீவில் எனக்குப் பிடித்தது கோட்டையும் இல்லை, குதிரையும் இல்லை, வேலிகள்தான். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் பவளக்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மதில்கள். கை வைத்துப் பார்த்தால் கல்லுக்குள் பவளப்பூச்சி கட்டிய கூடு தெரியும். குதிரைகள் தெற்குப் பக்கப் புல்வெளியில் நிற்கும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழி வந்தவை. கிட்டப் போய்த் தடவலாம் என்று நினைக்க வேண்டாம், உதை வாங்குவீர்கள். பெருக்குமரம் என்கிற பாவோபாப் மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் போய் நிற்கலாம். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, இடிந்த மீகாமன் கோட்டை, வெடியரசன் கோட்டை எல்லாம் ஓட்டோக்காரரே காட்டுவார். வளரும் கல் என்று ஒன்றையும் காட்டுவார். எனக்கு முப்பது வருடமாக அது ஒரே உயரம்தான்.

துறைக்குக் கிட்ட குமுதினிப் படகில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் தேதி நடுக்கடலில் அந்தப் படகில் வைத்துப் பயணிகளைக் கொன்றார்கள். தீவுக்காரர் யாராவது அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

தண்ணீர் கொண்டுபோங்கள், ஆளுக்கு இரண்டு லீற்றர். தீவுக் கிணறுகள் பலவற்றில் உவர். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இன்னொரு செய்தி, மருமகனுக்கு இது மிகவும் பிடித்தது: ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துப் போனார்கள். ஊர்காவற்றுறைத் தீவுக்கு லைடன், காரைதீவு என்கிற காரைநகருக்கு அம்ஸ்ரடாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். எல்லாம் உதிர்ந்து, ஆங்கிலத்தில் நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் என்ற ஒன்றுதான் நிலைத்தது.

படகால் இறங்கியும் உடம்பில் சக்தி இருந்தால் வந்த வழியே திரும்பாதீர்கள். ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பாதை ஏறுங்கள். பாதை என்பது இங்கே ஆளையும் மோட்டார் சைக்கிளையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு காரைநகர்க் கரைக்குக் கடக்கும் மிதவை. திருத்த வேலை என்று சில நாட்கள் நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே யாரிடமாவது கேட்டு வையுங்கள். கடக்கும்போது கடலுக்கு நடுவில் ஒரு கோட்டை தெரியும். கடற்கோட்டை என்போம். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. காரைநகரில் கசூரினாக் கடற்கரை ஆழம் குறைந்தது, பிள்ளைகள் குளிக்கலாம். சனி ஞாயிறு மட்டும் தவிருங்கள், சனம் அள்ளுப்படும்.

வலிகாமத்து நாளுக்கு முந்திய நாளே நாவலர் வீதித் தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும், வாசலில் துருப்பிடித்த பீரங்கியும் திமிங்கில எலும்பும் கண்டால் சரியான இடம். கதவடியில் ஆளில்லாவிட்டால் திரும்பிப் போகாதீர்கள், கூப்பிட்டால் வருவார்கள். கந்தரோடையில் எடுத்த சிலைத் துண்டங்களை அங்கே பார்த்த கண்ணோடு மறுநாள் கந்தரோடைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பனைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கும் குறைந்த கல் மேடுகளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானோ" என்று திரும்புவீர்கள், என் மருமகன் முதல் தடவை திரும்பியதைப் போல. அவை பவளக்கல்லால் கட்டிய சிறு தூபிகள். மண்ணுக்குள் கிடந்தவற்றைக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் வெளியே கொண்டுவந்தார். அதற்கும் கீழே பெருங்கற்காலத்துக் குடியிருப்பின் தடயம் இருக்கிறது. பலகையில் எழுதியிருப்பதோடு நிற்காமல் பக்கத்து வளவில் நிற்கும் வயதானவர்களிடமும் பேச்சுக் கொடுங்கள்.

அங்கிருந்து கீரிமலை. கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு மதில்தான், கேணிக்குள் நல்ல தண்ணீர். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மறைப்போடு ஒன்று. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடிவந்து அங்கே ஊறுகிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் அதே கல்லின் வேலைதான். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. இராமர் அம்பு எய்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கல்லின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீரிமலையில் பிதிர்க்கடன் செய்ய வந்தவர்கள் கரையில் இருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். மருமகன் அரைக் காற்சட்டையோடு வந்து வாசலில் நின்றான், நான் பைக்குள் வைத்திருந்த சாரம்தான் அவனை உள்ளே கொண்டுபோனது. ஒரு சாரம், ஒரு சால்வை எப்போதும் பையில் இருக்கட்டும். நல்லூர்ப் பூசை மணிக்கூட்டைத் திருத்தி வைக்கலாம் என்கிற அளவுக்கு நேரம் தவறாதது, ஐந்து நிமிடம் பிந்தினால் திரைதான் காண்பீர்கள். அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய், சில்லறை வைத்திருங்கள்.

நகரத்தில் கோட்டைக்குப் பின்னேரம் போங்கள், மத்தியானம் போனால் கல்லெல்லாம் சுடும். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கினார்கள். உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் போரில் போய்விட்டது. நூலகத்துக்குள் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அது காட்சிசாலை அல்ல. 1981இல் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களைப் பற்றி வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

பறவை பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழி முதல் மாசி வரை விடிகாலையில் சரசாலைக் குருவிக்காட்டுக்கோ தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்கோ போகலாம். முழு நாள் இருந்தால் சுண்டிக்குளம். பூநாரைகளைக் கிட்டப் பார்க்கிற ஆசையில் நான் ஒரு தடவை மோட்டார் சைக்கிளைக் காய்ந்த மாதிரித் தெரிந்த சேற்றுக்குள் இறக்கினேன். மேலே ஓடு, கீழே களி. மூன்று பேர் வந்து தூக்கினார்கள், பூநாரை ஒன்றுகூட மிச்சமில்லை. றோட்டில் நின்று தொலைநோக்கியால் பாருங்கள். முகமாலைப் பக்கம் போகிறவர்கள் கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் றோட்டை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது, சிறுநீர் கழிக்கவும்கூட. இராணுவ முகாம்களைப் படம் எடுக்கவும் கூடாது.

வடமராட்சியைக் கடைசி நாளுக்கு வைப்பேன், சாப்பாடு அங்கேதான். மத்தியானம் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் உண்டு, நிலத்தில் இருந்து சாப்பிடுங்கள். வல்வெட்டித்துறைக் கரையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை போனது. அந்தக் கரையில் நின்று இதைச் சொன்னபோது மருமகன் முதன்முதலாகப் போனைக் கீழே வைத்தான். பருத்தித்துறையில் வெளிச்சவீட்டையும் சக்கோட்டை முனையையும் பார்த்துவிட்டு ஓடக்கரையில் அப்பம் தேடுங்கள். தட்டை வடை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், பல நாள் கெடாது.

வல்லிபுரத்தில் ஆழ்வார் கோயிலைச் சுற்றி மணல். 1936இல் அங்கே கிடைத்த பொன்னேட்டில் நாகதீவு என்ற பெயர் இருக்கிறது. அப்புறம் மணற்காடு. வெயில் சாயும் முன் நாலு மணிக்குப் போங்கள், செருப்பைக் கையில் எடுங்கள். மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள் நிற்கும். பக்கத்துச் சவக்காலையில் 2004 சுனாமியில் போனவர்களும் இருக்கிறார்கள், அதற்குள் படத்துக்கு நிற்க வேண்டாம். மணலில் ஏறுவது முழங்காலுக்கு வேலை. என் வயதுக்காரர் கீழே சவுக்கு நிழலில் இருந்துவிடலாம்.

இருட்டும் முன் கிளம்புங்கள். வல்லை வெளியில் பக்கக் காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும், தலைக்கவசத்தை இறுக்கிக் கட்டுங்கள். வல்லை முனியப்பரடியில் எங்கள் ஆட்கள் வண்டியை நிறுத்தித் திருநீறு பூசிக்கொண்டுதான் போவார்கள். நீங்களும் நிறுத்துங்கள், அப்படியே வடைப் பொதி பின்னால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.