பழைய கைரம்பம்: வாங்கும் முன் எதைப் பார்க்கிறோம்?

பழைய கைரம்பம் ஒன்று கிடைத்தால் பலரும் துருவைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு. தகடு முழுக்கச் செம்பழுப்பாக இருந்தாலும், மேலோட்டமான துரு உப்புத்தாளுக்கும் கொஞ்சம் எண்ணெய்க்கும் போய்விடும். துரு தின்ற குழிகள்தான் ஆபத்து; அவை எங்கே இருக்கின்றன என்பது அதைவிட முக்கியம். முதுகுப் பக்கம் இருந்தால் அறுப்பதற்குத் தடையில்லை. பல் வரிசையை ஒட்டி ஆழமாக இருந்தால், அரம் கொண்டு எத்தனை முறை தீட்டினாலும் அந்தப் பற்களில் கூர் நிற்காது. தகடு மரத்தில் சிக்காமலிருக்கப் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்க்கும்போது பல் ஒடிந்தும் போகலாம். அந்த ரம்பத்தை இலவசமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

அடுத்து, தகட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நெடுகப் பாருங்கள். பக்கவாட்டில் சீரான வளைவு இருந்தால் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்திவிடலாம். ஓரிடத்தில் மட்டும் மடிந்திருந்தால், பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி எடுக்கத் தெரிந்த கை வேண்டும்; புதிதாகப் பழகுபவர் அதில் இறங்க வேண்டாம். பல் வரிசை நடுவில் லேசாகக் கீழே புடைத்திருப்பதைத் தேய்மானம் என்று எண்ணி அராவி நேராக்குகிறவர்கள் உண்டு. பல நல்ல ரம்பங்களை அப்படியே திட்டமிட்டுத்தான் செய்தார்கள்.

ஒன்றிரண்டு பல் உடைந்திருந்தால் கவலை இல்லை. நுனிப்பக்கம் தகடு மிகக் குறுகியிருந்தால் யோசியுங்கள்: பலமுறை தீட்டித் தேய்ந்த ரம்பம் அது.

பெயரை நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனத்தின் ரம்பங்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் பெயர் பொறித்த பித்தளை வில்லை கைப்பிடியில்தான் இருக்கிறது. கைப்பிடியை யாரும் மாற்றியிருக்கலாம். ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்ற வில்லையோ பல தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தியது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பற்கள் மட்டும் கருநீலமாக இருந்தால், அவை கடினமாக்கப்பட்ட பிற்காலப் பற்கள். அரம் அவற்றின் மேல் வழுக்கும், பிடிக்காது. கூர் மழுங்கினால் அந்த ரம்பத்தின் ஆயுள் முடிந்தது.

எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்த பிறகு, மின்சார சாண்டரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தகட்டில் அமிலத்தால் பொறித்த பழைய முத்திரை துருவுக்கு அடியில் மங்கலாக ஒளிந்திருக்கும். இயந்திரம் அதைச் சில நொடிகளில் அழித்துவிடும். உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, நீளவாக்கில் கையாலேயே தேயுங்கள். கைப்பிடியின் கொம்பு (கொம்புபோல் நீண்டிருக்கும் முனை) உடைந்திருந்தால் அதே வகை மரத்துண்டை ஒட்டிச் செதுக்கிக்கொள்ளலாம். மிகப் பழைய ரம்பங்களில், கைப்பிடியைத் தகட்டோடு பிணைக்கும் பித்தளை மரையின் தலையில் நடுத்தண்டின் இருபுறமும் வெட்டு இருக்கும். சாதாரணத் திருப்புளியால் அதைத் திருகினால் உடைந்துவிடக்கூடும். திருப்புளி முனையின் நடுவில் அராவிப் பள்ளம் எடுத்துக்கொண்டு, பிறகு மெல்லத் திருகுங்கள்.